ஆட்டக்காரருக்கு ஒரு வெயில், தொழிலாளிக்கு ஒரு வெயில்

2022ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைக் கத்தாரில் நடத்துவதென ஃபிஃபா 2010 டிசம்பரில் முடிவு செய்தது. ஜூன், ஜூலையில் நடப்பதே வழக்கம் என்றாலும், வளைகுடாவின் கோடையை ஆட்டக்காரர்களின் உடல் தாங்காது என்பதால், அதை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிவைப்பது 2015இல் உறுதியாயிற்று. ஐரோப்பியக் கழகங்களின் அட்டவணையையே குலைத்த அந்த முடிவு சரியானது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அரங்குகளைக் கட்டியவர்கள், நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் போனவர்கள், அத்தனை கோடைகளையும் வெட்டவெளியில்தான் கழித்தார்கள்.

கோடையில் நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் வெளிவேலை கூடாது என்ற விதி அங்கே 2007 முதலே இருந்தது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த அந்த ஊரில் வியர்வை உலராது, உடல் குளிராது. ஆகவே வெயில் தாழ்ந்த நேரத்திலும் ஆபத்து தணிவதில்லை. கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் இதயவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, 2009 முதல் 2017 வரை இதயக் கோளாறுகளால் நேர்ந்ததாகப் பதிவான 571 இறப்புகளில் 200 வரை, வெப்பத்திலிருந்து தக்க பாதுகாப்பு இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை என்று மதிப்பிட்டது. ஆனால் பல குடும்பங்களுக்குக் கிடைத்த இறப்புச் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்றே எழுதியிருந்தது. பிரேதப் பரிசோதனை இல்லை. வேலையால் நேர்ந்த இறப்பு என்று நிறுவ வழியில்லாததால் இழப்பீடும் இல்லை.

மனித உரிமையும் பருவநிலையும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது, வெளிநாட்டுத் தொழிலாளியை அவரை வேலைக்கு வைத்த முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறைதான். முதலாளியின் அனுமதியின்றி வேறு வேலைக்கு மாறவோ நாட்டைவிட்டு வெளியேறவோ முடியாதவன், தலை சுற்றும்போது "இன்று முடியாது" என்று எப்படிச் சொல்வான்? அந்தக் கட்டுப்பாடுகள் சட்டத்தில் தளர்ந்து முடிய 2020 ஆயிற்று. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்ற விதி 2021இல்தான் வந்தது. அரங்க வேலைகளில் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருந்தது.

இந்தப் போட்டியைத்தான் கரிமச் சமநிலை கொண்டது, அதாவது தான் வெளியிடும் கரிம வாயுக்களை முழுவதும் ஈடுசெய்துவிடுவது, என்று ஃபிஃபா விளம்பரப்படுத்தியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று 2023இல் சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்கு அமைப்பு தீர்ப்பளித்தது.

2034ஆம் ஆண்டின் போட்டி சவுதி அரேபியாவுக்குப் போயிருக்கிறது. அங்குள்ள நண்பகல் வேலைத்தடை, கோடையில் 12 மணி முதல் 3 மணி வரை என்று கடிகாரத்தைப் பார்த்து இயங்குவது. வெப்பத்தை அளந்து வேலையை நிறுத்தும் விதியையும், ஒவ்வோர் இறப்பையும் தனித்து இயங்கும் மருத்துவர்கள் ஆராயும் ஏற்பாட்டையும் ஃபிஃபா இப்போதே ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்; கட்டுமானம் முடியும் தறுவாயில் வரும் சீர்திருத்தம் அதைக் கட்டியவர்களுக்கு உதவாது.