இம்ப்ரூடன்ட்: சி.ஜி.எல். ஆங்கிலத்தில் ஆளைக் கவிழ்க்கும் ஒரு சொல்

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போய்விடும். பொருள், எதிர்ச்சொல் கேள்விகளுக்கு மனப்பாடமே போதும் என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். 'இம்ப்ரூடன்ட்' மாதிரிச் சொற்களில் அது பல்லிளித்துவிடும்.

பட்டியல்களில் இதற்கு நேராக 'முட்டாள்தனமான' என்று போட்டிருக்கும். அதை நம்பினால், விடைகளில் 'ஸ்டுபிட்' இருந்ததும் கை அங்கேதான் போகும். ஆனால் இந்தச் சொல் மூளை இல்லாததைச் சொல்வதில்லை, பின்னால் என்ன ஆகும் என்று யோசிக்காததைச் சொல்கிறது. வேலையில் படு கெட்டிக்காரர் ஒருவர், சேமிப்பு மொத்தத்தையும் ஒரே கம்பெனி ஷேரில் போடுகிறார். ஆள் ஸ்டுபிட் இல்லை; முடிவுதான் இம்ப்ரூடன்ட். இதன் லத்தீன் வேருக்கே 'முன்கூட்டிப் பார்ப்பது' என்றுதான் பொருள். வாராக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் 'ப்ரூடென்ஷியல் நார்ம்ஸ்' என்ற விதிமுறைகளின் பெயரும் இதே குடும்பம். வங்கித் தேர்வும் எழுதுகிறவர்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அப்புறம் 'இம்பியுடன்ட்'. நடுவில் ஓர் 'ஆர்' இல்லை, அவ்வளவுதான். பொருள் 'துடுக்கான, மரியாதை தெரியாத' என்று மாறிவிடும். 60 நிமிடத்தில் 100 கேள்வி என்று ஓடும்போது இல்லாத 'ஆர்' கண்ணுக்குத் தெரியும். விடைகளில் 'ரூட்', 'இன்சொலன்ட்' தென்பட்டால் கேள்வியை எழுத்தெழுத்தாகத் திரும்பப் படியுங்கள்.

நான் நோட்டில் பொருளை எழுதுவதை விட்டுவிட்டு, அந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்று எழுத ஆரம்பித்தேன். கடன், முதலீடு, செலவு என்றால் இம்ப்ரூடன்ட். ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்குக் கொடுப்பது 'இன்ஜுடிஷியஸ் யூஸ்'. அவசரமும் சேர்ந்தால் 'ரேஷ்'. 'இல்-அட்வைஸ்ட்' என்றால் யாரோ தப்பாக யோசனை சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம், சரியாக யோசிக்காமல் செய்தது என்றுதான் அர்த்தம். குழந்தை மழையில் நனைந்தால் இதெல்லாம் தேவையில்லை, 'சில்லி' போதும்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு ஒன்று: 'இட் வாஸ் இம்ப்ரூடன்ட் ஆஃப் ஹிம் டு லெண்ட் தி மணி'. ஒருவர் செய்துவிட்ட காரியத்துக்காக அவரையே குறை சொல்லும்போது 'ஆஃப்' வரும்.

எதிர்ச்சொல் கேட்டால் 'ப்ரூடன்ட்', 'ஜுடிஷியஸ்' இரண்டுமே சரி. 'ஜுடிஷியல்' என்று ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது கோர்ட் சமாச்சாரம், தொடாதீர்கள்.