எல்சா ஷ்னைடரை அட்டை அட்டையாகப் பிரித்தேன்

நான் எழுதப்போகும் சாகசக் கதையில் ஒரு வில்லி வருகிறாள். அவளைத் தொடும் முன், ஏற்கெனவே உள்ள ஒரு வில்லியைப் பிரித்து மேய்ந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது 1989இல் வந்த மூன்றாவது இந்தியானா ஜோன்ஸ் படம். அதில் அலிசன் டூடி நடித்த டாக்டர் எல்சா ஷ்னைடர் காட்சிக்குக் காட்சி வேறு ஆளாகத் தெரிகிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாகக் குறை.

அவள் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. வசனத்தை எழுதவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எதிரில் யார் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெனிஸ் அட்டைகள் சுலபமாக முடிந்தன. கோட்டைக் காட்சியும் அப்படியே: பிணைக்கைதி போலக் கெஞ்சுகிறாள், நாயகன் இண்டி துப்பாக்கியைப் போட்டதும், புனிதக் கிண்ணத்தைப் பற்றி அவன் அப்பா எழுதிவைத்த குறிப்பேட்டை உருவிக்கொள்கிறாள். சுத்தமான வில்லி.

அப்புறம் பெர்லின். புத்தகங்கள் எரிகின்றன, நாஜிகளோடு சீருடையில் நிற்கும் எல்சா கண்கலங்குகிறாள். (பெயர்பெற்ற அந்த எரிப்பு நடந்தது 1933 மே மாதத்தில், கதை நடப்பது 1938இல். போகட்டும்.) கோட்டையில் பார்த்தவளா இவள்? ஆனால் ‘என்ன வேண்டும்’ என்ற கட்டத்தில் எல்லா அட்டையிலும் ஒரே பதில்தான் இருந்தது: புனிதக் கிண்ணம், அதாவது குடித்தவருக்குச் சாவில்லை என்று கதையில் சொல்லப்படும் இயேசுவின் கிண்ணம். ஸ்வஸ்திகாவை நம்பவில்லை, கிண்ணத்தைத்தான் நம்புகிறேன் என்று அவளே சொல்கிறாள். அதை வைத்துப் பார்த்தால் துரோகமும் கண்ணீரும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

இடிப்பது கடைசிக் கால்மணி நேரம். கிண்ணத்துக்காக நாஜிகளோடு கூட்டுச் சேர்ந்த பணக்காரன் டோனவனுக்கு, அங்கிருக்கும் பல கிண்ணங்களில் ஒரு தங்கக் கிண்ணத்தை எடுத்துக் கொடுப்பவள் எல்சா. அதில் குடித்தவன் நொடியில் கிழடாகி மண்ணாகிறான். உண்மையான கிண்ணம் தங்கத்தில் இருக்காது என்று உடனே இண்டியிடம் சொல்பவளும் அவள்தான். ஆக, தெரிந்தே செய்த கொலை. அதற்கு முந்தைய எந்த அட்டையிலும் அதற்கான விதை இல்லை. இவ்வளவு நிதானமாகக் கணக்குப் போட்டவள், கோயில் தரையில் உள்ள முத்திரையைத் தாண்டிக் கிண்ணம் போகக்கூடாது என்று அதைக் காக்கும் கிழட்டு வீரர் எச்சரித்ததைக் கேட்ட பிறகும் அதைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறாள். உடனே தரை பிளக்கிறது; அந்தப் பிளவில் தொங்கியபடி கிண்ணத்துக்குக் கை நீட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். இண்டியே அடுத்து அதைத்தான் செய்கிறான், அப்பா தடுக்காவிட்டால் அவனும் போயிருப்பான்.

சரி, மாற்றி எழுதிப் பார்த்தேன். எச்சரிக்கையின்போது எல்சாவை அறைக்கு வெளியே நிறுத்தினால், தெரியாமல் செத்தவள் ஆகிவிடுகிறாள். பேராசை காணாமல் போகிறது. எச்சரிக்கையை அவள் நம்பாத மாதிரி ஒரு வசனம் வைத்தேன், பிரசங்கமாக இருந்தது. பொருந்தியது இன்னொன்று: கிண்ணம் இருக்கும் ஹதாய் நாட்டுக்குப் போகும் பயணத்தில் டோனவன், கிண்ணம் கிடைத்ததும் உன் வேலை முடிந்தது என்று போகிறபோக்கில் அவளிடம் சொல்கிறான். அவள் பதில் பேசுவதில்லை. கொலைக்குக் காரணம் வந்துவிட்டது. அவன் செத்ததும் கிண்ணத்தைப் பிடுங்க ஆள் இல்லை, அந்த வெறியில் முத்திரையைத் தாண்டுவதும் நம்பும்படி ஆகிறது. அரைப் பக்கம்கூட வரவில்லை.

அடுத்து என் வில்லி. அதே மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ‘என்ன வேண்டும்’ மட்டும் நிரம்பியிருக்கிறது.