சரிவில் தடி இழுக்க ஒரு பழைய வின்ச்

கன்னியாகுமரி மாவட்டத்து ஆறுகாணிப் பக்கம் சரிவான தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி ஏற்றும் வேலையை நானும் மச்சானும் தொடங்கிவிட்டோம். புது இயந்திரத்துக்கு வசதியில்லை. பழைய டிராக்டர், அதில் பொருத்திய, கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச், மரம் அறுக்க இரண்டு செயின்சா, அவ்வளவுதான். வாங்கும்போது எஞ்சினை விட வின்ச்சின் பிரேக்கைத்தான் அதிக நேரம் சோதித்தேன். கம்பி வடத்தை மட்டும் புதிதாக வாங்கினோம். இழை அறுந்த வடம் ஆளைக் கொன்றுவிடும். டிராக்டர் மேலே பாதையில் நிற்கும், வெட்டிய மரத்தடி மட்டும் வடத்தில் ஏறி வரும். அந்த நேரம் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. இதில் யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரப்பர் தடியில் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக் கறை பாய்ந்துவிடும், சீக்கிரம் மில்லுக்குப் போயாக வேண்டும். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. மண் ஈரமென்றால் அன்றைக்கு வேலையில்லை, சரி. நாளை மேல் தட்டில் முதல் பத்து மரம்.