கண்மாய்க்கரை பாட்டில்கள்

எங்கள் பள்ளியின் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு கறுத்த இடம் இருந்தது. நான் மாற்றலாகி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குப்பையை அங்கேதான் கொளுத்துவார்கள். நோட்டுத் தாள், மிட்டாய்க் காகிதம், சிப்ஸ் கவர், உதிர்ந்த வேப்பிலை எல்லாம் ஒன்றாக எரியும். ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் புகை நேராக ஒன்றாம் வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் எழுதிக்கொண்டிருப்பார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. 2022 ஜூனில் பள்ளி திறந்ததும், இனி இங்கே தீ வைக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரும் நானும் முடிவு செய்தோம். மதுரை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர். ஈராசிரியர் பள்ளி, மொத்தமே 41 பிள்ளைகள். எரிக்காவிட்டால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விதான் எங்களை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது.

தாளுக்கு ஒன்று, பாட்டிலுக்கு ஒன்று, கவருக்கு ஒன்று என வராந்தாவில் மூன்று சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டோம். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் ஒரு குழி வெட்டினோம். முதல் மாதம் குழி நாறிப்போனது. மிஞ்சிய சாம்பார் சோற்றையும் அதிலேயே கொட்டியிருந்தேன், புழு வைத்துவிட்டது. சமையல் செய்யும் அக்காதான் வழி சொன்னார்: “சோத்தப் போடாதீங்க டீச்சர், அது கோழிக்கு ஆகும். தோலப் போட்டா அதுமேல சருகப் போட்டு மூடுங்க.” அப்புறம் நாற்றம் இல்லை. முட்டை ஓட்டை மட்டும் நொறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நொறுக்குவதற்கு இரண்டாம் வகுப்பில் தினமும் போட்டி.

தாள் விஷயத்தில் சிரமமே இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொண்டார்.

பாட்டிலில்தான் தவறு செய்தேன். அதிகம் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா! மூன்றே நாளில் சாக்கு நிறைந்தது. கண்மாய்க்கரை, டீக்கடை வாசல், பஸ் ஸ்டாப் என ஒரு இடம் விடவில்லை. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஒரு பாட்டில்கூடக் கொண்டுவரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். சோம்பேறித்தனம் என்று நினைத்து, எல்லார் முன்னாலும் கொஞ்சம் கடுமையாகப் பேசியும் விட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய அப்பத்தா பள்ளிக்கு வந்தார். தோளில் மடித்த சாக்கு. உள்ளே கூப்பிட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

“டீச்சரம்மா, பிள்ளைக நல்லதுதான் செய்யுதுக. நான் கொற சொல்ல வரல. ஆனா ரெண்டு வாரமா கம்மாக்கரையில எனக்கு ஒரு பாட்டிலு கெடைக்கல.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தினமும் விடியுமுன் பொறுக்கி, சனிக்கிழமை கடையில் போட்டுத்தான் வீட்டில் பாதிச் செலவு நடந்திருக்கிறது. நாங்கள் குப்பை என்று அள்ளி வந்தது அவருடைய கூலி. பையனுக்கு அது தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. பரிசை அன்றே நிறுத்தினேன். பாட்டில்களை எல்லாம் அவரிடமே கொடுத்தோம். கரையில் கிடப்பதை இனிப் பிள்ளைகள் தொடுவதில்லை, பள்ளிக்குள் சேர்வது மட்டும் சாக்குக்குப் போகும், வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

சாக்கை வாங்கிக்கொள்ள வந்த முதல் நாளே, அவர் வராந்தாவில் உட்கார்ந்து மூடிகளைத் திருகித் தனியாகப் போட்டார். ஏன் என்று பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். “மூடி வேற சாதி, பாட்டிலு வேற சாதி. கலந்து குடுத்தா கடைக்காரன் வெலயக் கொறைப்பான்” என்றார். மறுநாள் ஒரு வாளித் தண்ணீரில் பாட்டில் துண்டையும் மூடியையும் போட்டுக் காட்டினேன். துண்டு அடியில் போய்விட்டது, மூடி மிதந்தது. பாட்டில் பெட் (PET) என்ற வகை பிளாஸ்டிக், தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. மூடி பாலி எத்திலீனோ பாலி புரோப்பிலீனோ, அடர்த்தி குறைந்தது. மறுசுழற்சி ஆலைகளில் அரைத்த துண்டுகளை இப்படித் தண்ணீரில் விட்டுத்தான் பிரிக்கிறார்கள். அந்தப் பையன் எல்லோருக்கும் முன்னால் நின்று, “எங்க அப்பத்தா சொன்னது சரிதானே டீச்சர்” என்றான்.

மூன்றாவது சாக்கை வாங்கத்தான் ஆளே இல்லை. கடைக்காரர் கையால் தள்ளிவிட்டார். சிப்ஸ் கவரின் உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் அல்லவா, பலவற்றில் அது மெல்லிய அலுமினியப் பூச்சு. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் நகத்தால் உரித்துப் பார்த்துத் தோற்றார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியவைத்து, அதில் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்ததையும், அதற்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றதையும் வகுப்பில் சொன்னேன். பக்கத்திலேயே நடந்த கதை என்பதால் கண்கள் விரியக் கேட்டார்கள். “அப்போ நம்ம சாக்கயும் ரோட்டுக்குக் குடுக்கலாமா?” என்று ஒருத்தி கேட்டாள். ஊராட்சியின் தூய்மைக் காவலர் அக்காவிடம் ஒப்படைக்கலாம் என்பது வரைதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

சரி, இவ்வளவு கவர் எங்கிருந்து வருகிறது? அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அம்மாக்கள் விடியற்காலையிலேயே களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பிள்ளை கையில் ஐந்து ரூபாய் இருக்கும். அதுதான் காலைச் சாப்பாடு. கவரைச் சாக்கில் ஒழுங்காகப் போட்டதற்காக நான் பாராட்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. முதல் நாள் கிச்சடி. பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்கும் பெண் ஒருத்தி அன்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் கவர் சாக்கு பாதிகூட நிறையவில்லை. ஒரு வருடமாக நான் பேசிய பேச்சும் ஒட்டிய படங்களும் செய்யாததை ஒரு தட்டு கிச்சடி செய்துவிட்டது.

இப்போது அந்தச் சாக்கு நிறைய ஒரு மாதம் பிடிக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டதும் கடைக்குப் போகிற பழக்கம் இன்னும் போகவில்லை, மறுநாள் காலை அந்தக் கவர்கள் பைக்குள் மடித்து வைத்தபடி வந்து சேர்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் அப்பத்தா வருகிறார். இப்போதெல்லாம் வாசற்படியில் நிற்பதில்லை, நேரே வராந்தாவுக்கு வந்து, பிள்ளைகள் மூடி கழற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கிறார்.