நின்ஜினுக்கு நான்கு கைத்தட்டு

சின்னக் குழந்தைகளுக்கு ஜப்பானியக் காய்கறிப் பெயர்களைச் சொல்லித்தரும்போது தமிழில் எழுதிக் காட்டாதீர்கள். வெண்டைக்காய்க்கு அங்கே 'ஒகுரா' என்று பெயர். அப்படி எழுதினால் குடத்தின் 'கு' வரவேண்டிய இடத்தில் மகுடத்தின் 'கு' வந்துவிடும். 'ஒக்குரா' என்றாலோ ககரம் இரட்டிக்கும். இரண்டும் தப்பு. காதும் கையும் போதும். (இங்கே எழுதியிருப்பது பெரியவர்களான உங்களுக்கு.)

கை எதற்கு? மாத்திரைக்கு, அதாவது ஒலிக்கும் கால அளவுக்கு, ஒன்றாகத் தட்ட. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் 'ன்' ஒரு முழு மாத்திரை. ஆகவே கேரட், நி-ன்-ஜி-ன், நான்கு தட்டு. நம் பிள்ளைகள் இரண்டு தட்டோடு நிறுத்துவார்கள், முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். நெடிலுக்கு இரண்டு என்பது நம் கணக்கேதான்: வெள்ளரிக்காய், கியு-உ-ரி, மூன்று. தக்காளியை 'தொமாட்டோ' என்று நீட்டக் கூடாது. தொ-ம-தொ, மூன்றும் குறில், நாக்கு பல்லைத் தொடும் தகரம். பின்னாலிருந்து சொன்னாலும் அதே தொமதொ! அந்த விளையாட்டுக்காகவே அதை முதல் நாளில் வையுங்கள்.

ஒரு தடவைக்கு நான்கு பெயர், பத்து நிமிடம். இனமாகச் சேர்த்தால் நன்றாக நிற்கும். 'இமொ' கிழங்கு, உருளை 'ஜகஇமொ', சர்க்கரைவள்ளி 'சத்சுமஇமொ'. சத்சுமா என்பது இன்றைய ககோஷிமாப் பகுதியின் பழைய பெயர்.

படங்களில் கவனம் தேவை. ஆரஞ்சுத் தோல் பூசணியைக் காட்டிப் பழக்கினால், ஜப்பானியக் கடையில் பச்சைத் தோலோடு இருக்கும் கபொச்சாவைக் குழந்தைக்கு அடையாளம் தெரியாது. பச்சைக் குடைமிளகாய் 'பீமன்'. தடித்த சிவப்பும் மஞ்சளும் 'பப்புரிகா'.

படத்தைவிட நிஜக் காய் நல்லது. வெண்டையைக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். சாயத்தில் தொட்டு, தாளில் பதிக்கும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வெட்டிய முகத்தின் கொழகொழப்பைத் துடைக்காவிட்டால் சாயம் வழுக்கிக் கலங்கிவிடும். ஜூலை 7, தனபதா நட்சத்திரத் திருநாளுக்கு இது வெகு பொருத்தம்.

பிறகு கடை விளையாட்டு: 'நின்ஜின், குதசாய்' (கேரட் தாருங்கள்) என்று கேட்டால்தான் கேரட் கைக்கு வரும். எண்ணிக்கை கேட்டால் ஹிதொத்சு (ஒன்று), ஃபுதத்சு (இரண்டு) என்ற பொது எண்ணோடு விடுங்கள். நீளக் காய்களை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவதற்கு உரிய இப்பொன், நிஹொன், சன்பொன் ஒவ்வொன்றும் ஒலி மாறும். அதற்கு இன்னும் ஓராண்டு போகட்டும்.