கண்ணு மஞ்சளா இருந்துச்சுன்னு ஆரம்பிச்ச தேடல்

பையனுக்கு இப்ப பதிமூணு வயசு, ஆட்டிசம்னு மூணு வயசுலயே சொல்லிட்டாங்க, அதப் பத்தி இங்க ஏற்கனவே நிறைய புலம்பியாச்சு. போன மாசம் மூணு நாள் ஜுரம், சாப்பாடு இறங்கல, தண்ணியும் ஒரு மடக்கு ரெண்டு மடக்குதான். நாலாம் நாள் காலைல ஜன்னல் ஓரமா உக்காந்து பென்சிலை எல்லாம் வரிசையா அடுக்கிட்டு இருந்தான், வெளிச்சம் நேரா மூஞ்சில அடிக்குது, கண்ணு வெள்ளை முழுக்க லேசான மஞ்சள்.

எனக்கு அந்த மஞ்சளைத் தெரியும். காலேஜ்ல எக்ஸாம் டைம்ல சரியா சாப்பிடாம தூங்காம இருந்தப்ப என் கண்ணும் அப்படித்தான் ஆச்சு, காமாலைன்னு பயந்து ஓடினேன், எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு கடைசில கில்பர்ட் சிண்ட்ரோம், பரம்பரையா வர்ற ஆபத்தில்லாத மஞ்சள்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இவனுக்கும் ரத்தம் எடுத்தோம் (ஊசின்னா அவனுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், விட்டுடறேன்). கண்ணை மஞ்சளாக்கற பிலிருபின் மொத்தம் 2.8, அதுல ஈரல் பக்குவம் பண்ணின பங்கு (டைரக்ட்) 0.4, ஈரல் கெட்டா ஏறற எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி நார்மல், ஹீமோகுளோபின் நார்மல். "அப்பாவுக்கு இருக்கு, இந்த வயசுலதான் வெளிய தெரிய ஆரம்பிக்கும், அதுவாத்தான் இருக்கும், மருந்து ஒண்ணும் வேணாம், சாப்பிட வைங்க போதும்"னு டாக்டர் முடிச்சிட்டார். எனக்கு முடியல. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினதும் போனை எடுத்து கில்பர்ட், ஆட்டிசம், ரெண்டையும் சேத்து அடிச்சேன். வந்துச்சு பாருங்க, "என் குழந்தைக்கும் ரெண்டும் இருக்கு"ன்னு எத்தனை அப்பா அம்மா!

கில்பர்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. சிவப்பணு ஒண்ணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அது உடையும்போது வர்ற கழிவுதான் பிலிருபின், மஞ்சள் கலர், தண்ணில கரையாது. ஈரல்ல யுஜிடி1ஏ1னு ஒரு என்சைம் அதோட ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி தண்ணில கரையற மாதிரி மாத்தி பித்தத்துல தள்ளிவிடும். எங்க மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஜீனுக்கு முன்னாடி இருக்கற சுவிட்ச்ல டிஏங்கற எழுத்து ஜோடி ஆறு தடவை வர வேண்டியது ஏழு தடவை வந்துடும், அவ்ளோதான் தப்பு, அதனால என்சைம் வேலை மூணுல ஒரு பங்கா குறைஞ்சிடுது. 1901லயே பிரான்ஸ்ல கில்பர்ட்ங்கற டாக்டர் இதை விவரிச்சுட்டார், ஜீன்ல என்ன கோளாறுன்னு தெரிய 1995 ஆச்சு. பொதுவா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒவ்வொரு காப்பி வரணும். அதாவது பழி என் மேல மட்டும் இல்ல, வீட்டம்மா பக்கமும் ஒண்ணு இருக்கணும், இதை நான் இன்னும் அவகிட்ட சொல்லல.

சரி, ஆட்டிசத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்புன்னு சொல்றாங்க? ஒரே வாதம்தான் திரும்பத் திரும்ப வருது: ஈரல்ல கழிவை வெளியேத்தற இந்த வழி மந்தமா இருந்தா மத்த நச்சும் தேங்கும், மூளையைப் பாதிக்கும். கேக்கறதுக்கு கரெக்ட்டா இருக்கு இல்ல? எனக்கும் அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அப்படித்தான் இருந்துச்சு. பத்து வருஷமா ஏன் ஏன்னு கேட்டுட்டு இருக்கற கேள்விக்கு ஒரு என்சைம் பேர்ல பதில் கிடைச்சா யாருக்குத்தான் ஆசை வராது, அதுவும் அந்த பதில் என் ரத்த ரிப்போர்ட்லயே இருந்தா.

அப்புறம் பொறுமையா ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன். முதல்ல பாராசிட்டமால். அதையும் இதே சர்க்கரை ஒட்டற வழிலதான் ஈரல் வெளியேத்துது, அதனால கில்பர்ட் குழந்தைக்கு அது விஷம்னு ஒரு கூட்டம். ஆனா அந்த வேலையை யுஜிடி1ஏ6, 1ஏ9னு கூடப்பொறந்த என்சைம்களும் சேந்துதான் பாக்குது, போதாததுக்கு சின்னக் குழந்தைங்க உடம்பு பாராசிட்டமாலை பெரும்பாலும் சல்ஃபேட்ங்கற வேற வழிலதான் தள்ளும். கர்ப்பத்துல சாப்பிட்டா ஆட்டிசம் வரும்ங்கறதை ஸ்வீடன்ல கிட்டத்தட்ட 25 லட்சம் குழந்தைங்களை வச்சு பாத்து 2024ல வெளியிட்டாங்க, மேலோட்டமா பாத்தப்ப லேசா ஒரு தொடர்பு தெரிஞ்சுது, ஒரே அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டதும் அது காணாம போயிடுச்சு.

ரெண்டாவது பிளாஸ்டிக்ல வர்ற பிபிஏ. இதுதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தினது, ஏன்னா 2023ல வந்த ஒரு ஆய்வுல ஆட்டிசம் இருக்கற குழந்தைங்க உடம்பு பிபிஏவை இந்த சர்க்கரை வழிலயே வெளியேத்தறது மத்த குழந்தைங்களை விட சுமார் 11 சதவீதம் கம்மின்னு பாத்திருக்காங்க. குதிச்சேன். அப்புறம் பாத்தா பிபிஏவுக்கு ஈரல்ல முக்கியமா வேலை பாக்கறது யுஜிடி2பி15, எங்க வீட்டு 1ஏ1 கிடையாது. ஒரே குடும்பப் பேர், ஆனா ஆள் வேற. ஆய்வும் சின்னது, எல்லாரையும் சேத்தும் நூத்தைம்பது குழந்தைங்க கூட இல்ல.

மூணாவது பிறந்த குழந்தை காமாலை. இவனை மூணாம் நாள் நீல லைட்டுக்கு கீழ வச்சிருந்தாங்க, அதனால இது நெஞ்சுல குத்திச்சு. (அந்த லைட் பிலிருபினோட வடிவத்தையே மாத்தி என்சைம் இல்லாமலே வெளிய போக வச்சிடுது, 1950கள்ல இங்கிலாந்துல ஒரு நர்ஸ் குழந்தையை வெயில்ல வச்சப்ப துணி மூடின இடம் மட்டும் மஞ்சளா இருந்ததைக் கவனிச்சதுல ஆரம்பிச்சதாம், எவ்ளோ சூப்பரான விஷயம்.) இதுல ஆய்வுகளே அடிச்சுக்குது, 2005ல கலிஃபோர்னியால பாத்தவங்க தொடர்பு இல்லன்னாங்க, 2010ல டென்மார்க்ல பாத்தவங்க இருக்குன்னாங்க. பிலிருபின் எக்கச்சக்கமா ஏறினா பச்சைக் குழந்தை மூளைக்கு நிஜமாவே ஆபத்து, கேக்கற திறன் போகும், உடம்பு அசைவு கெடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது இருபத்தஞ்சு முப்பதுக்கு மேல போற கதை, கில்பர்ட்ல பெரும்பாலும் மூணைத் தாண்டறதே இல்ல.

இதுக்கெல்லாம் அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து கணக்கு போட்டேன், முதல்லயே போட்டிருக்கணும். கில்பர்ட் நூறுல மூணுல இருந்து பத்து பேர் வரைக்கும் இருக்கு. ஆட்டிசம் உலகம் பூரா நூறுல ஒண்ணுன்னு வச்சுக்கங்க. ஒரு லட்சம் பேர்ல ஆயிரம் பேருக்கு ஆட்டிசம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னாலும் அந்த ஆயிரத்துல முப்பதுல இருந்து நூறு பேருக்கு கில்பர்ட்டும் இருந்தே ஆகணும். அந்த முப்பது நூறு பேரோட அப்பா அம்மா எல்லாரும் என்னை மாதிரியே ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே இடத்துல வந்து எழுதினா எப்படி இருக்கும்? ஊரே திரண்ட மாதிரிதான் இருக்கும்.

அதோட நம்ம பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுக்கறதும் அதிகம், மருந்து ஆரம்பிக்கும்போது ஈரல் டெஸ்ட், டோஸ் கூட்டும்போது ஈரல் டெஸ்ட், மத்த வீட்டுப் பிள்ளைக்கு பிலிருபின் 2 இருந்தாலும் யாரும் பாக்கவே மாட்டாங்க. தேடற இடத்துலதானே கிடைக்கும். ஆட்டிசம் பெரும்பாலும் பரம்பரைதான்ங்கறது உண்மை, 2019ல அஞ்சு நாட்டுக் கணக்கை வச்சு சுமார் 80 சதவீதம்னு சொன்னாங்க, ஆனா அந்த ஜீன் பட்டியல்ல பேசப்படற ஷாங்க்3, சிஎச்டி8, எஸ்சிஎன்2ஏ எல்லாம் மூளை உருவாகும்போது வேலை பாக்கற ஆளுங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், கோவம் வந்தாலும் பரவால்ல. இந்தத் தேடல்ல பாதி பக்கம் கடைசில போய் நிக்கறது ஈரல் கிளீன்சிங், டீடாக்ஸ், உண்ணாம இருக்கறது, உலோகத்தை உறிஞ்சற ட்ரிப் மருந்து. கில்பர்ட் இருக்கறவனைப் பட்டினி போட்டா பிலிருபின் இன்னும்தான் ஏறும், சுத்தம் பண்றேன்னு ஆரம்பிச்சு மஞ்சளைக் கூட்டிட்டு "பாத்தீங்களா நச்சு வெளிய வருது"ம்பாங்க. உலோகம் உறிஞ்சற மருந்தை ஆட்டிசத்துக்குன்னு ஏத்தி 2005ல அமெரிக்காவுல அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் செத்தே போனான்.

நிஜமாவே ஈரலும் மூளையும் சேந்து கெடற பரம்பரை நோய் ஒண்ணு இருக்கு, வில்சன் நோய், செம்பு வெளிய போகாம தங்கிடும், டீன் ஏஜ்ல குணம் மாறும், படிப்பு சறுக்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அதுக்கு மருந்தும் இருக்கு. ஆட்டிசம் இருக்கற பிள்ளை திடீர்னு மாறினா "அது ஆட்டிசம்தான்"னு விட்டுடாதீங்கன்னு டாக்டர் சொன்னார், இவனுக்கு அதையும் கேட்டு பாத்துட்டோம், இல்ல.

அப்ப எங்க வீட்ல ரெண்டுக்கும் தொடர்பே இல்லையான்னு கேட்டா, ஒண்ணு இருக்கு, ஆனா அது ஜீன்ல இல்ல. இவனுக்குப் பசி தெரியாது. தாகமும் தெரியாது, இல்ல தெரிஞ்சாலும் அது வயித்துல இருந்து வர்றதுன்னு புரியாது, எரிச்சலா வரும், சுவத்துல தலையை முட்டுவான். பள்ளிக்கூடத்துல மதியம் சாப்பிட்டானா இல்லையான்னு கேட்டா பதில் வராது, டப்பாவைத் தொறந்து பாத்தா காலியாத்தான் இருக்கும், பக்கத்துப் பையனுக்குக் குடுத்துட்டு வந்திருப்பான். இப்பல்லாம் சாயங்காலம் பஸ்ல இருந்து இறங்கினதும் வெளிச்சம் இருக்கற பக்கமா திருப்பி நிக்க வச்சு கண்ணைப் பாக்கறேன். மஞ்சள் லேசா தெரிஞ்சா ரெண்டு நாளா சரியா உள்ள போகலன்னு அர்த்தம், டப்பாவை நம்பறதில்ல. அவனுக்கும் இது பழகிடுச்சு, நேத்து இறங்கினதும் அவனே வந்து மூஞ்சியைத் தூக்கிக் காட்டிட்டு, என் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பி என் கண்ணையும் பாத்தான்.