கல்லும் கண்ணாடியும் வந்த ஊர்களுக்கு ஒரு ரயில் பயணம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் இடிப்பது என்று சொல்வதில்லை, பிரிப்பது என்றுதான் சொல்வோம். நிலை, கதவு, தூண், உத்திரம், கண்ணாடி என ஒவ்வொன்றும் உடையாமல் கழற்றப்பட்டு, விலை பேசப்பட்டு, வண்டியேறிப் போகும். அந்த வீட்டு முகப்பில் எதிரெதிராக மாட்டியிருந்த ஆளுயர நிலைக்கண்ணாடிகள் இரண்டும் வைக்கோல் சுற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் புறப்பட்டபோது, அப்பத்தா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பெல்ஜியத்துல இருந்து வந்தது, இனி எங்க போகுதோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த வாக்கியத்தின் முதல் பாதி என்னைப் பற்றிக்கொண்டது. செட்டிநாட்டு வீடு என்றால் பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று ஒரே மூச்சில் அடுக்குவது வழக்கம். வீடு பார்க்க வருகிறவர்களிடம் சிறுவயது முதல் நானும் அப்படியே அடுக்கியிருக்கிறேன். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன என் கொள்ளுப்பாட்டனார் ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்கிருந்து வந்த கல்லின்மேல்தான் பட்டாலையில் (கூடத்தில்) பாய் விரித்துப் படுத்திருந்தார். அந்தக் கல் எந்த ஊர் மலையில் இருந்தது, அதை வெட்டியது யார் என்று எங்கள் வீட்டின் பன்னிரண்டு புள்ளிகளில் (பங்குக் குடும்பங்களில்) ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னுடன் வந்த நண்பன் ஆத்தங்குடிக்காரன். காரைக்குடியில் ஒன்றாகக் கல்லூரியில் படித்தோம். நான் சென்னையில் கணக்குத் தணிக்கை வேலைக்குப் போய்விட்டேன், அவன் தந்தையோடு சேர்ந்து பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) அச்சிடும் பட்டறையிலேயே நின்றுவிட்டான். இப்படி ஒரு பயணம் போகலாமா என்று கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. "கல்லைப் பார்க்கத்தானே மாப்ளே, வாரேன்" என்றான்.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ் என்ற ஏற்பாடு உண்டு. ஒரே பாஸில் 33 நாடுகளின் ரயில்களில் ஏறலாம்; 27 வயது வரை இளையோர் கட்டணம். நாங்கள் இருவரும் அந்த ஆண்டுதான் 27இல் இருந்தோம் என்பதால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் நாமே தேர்ந்துகொள்ளும் 7 பயண நாள்கள் கொண்ட பாஸை வாங்கினோம். பயண நாள் என்று குறித்த ஒரு நாளில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் பாஸ் இருந்துவிட்டால் எல்லா ரயிலிலும் இருக்கை கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சின் அதிவேக ரயில்களுக்கும் இத்தாலியின் விரைவு ரயில்களுக்கும் தனியே முன்பதிவுக் கட்டணம் உண்டு. பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலோ பெரும்பாலான ரயில்களில் நேராக ஏறி அமரலாம். இதைக் கணக்கில் வைத்தே பிரஸ்ஸல்ஸில் இறங்கி, கொலோன், பாசல் வழியாக இத்தாலிக்கு இறங்கும் பாதையை வகுத்தோம். அதிக நாள்கள் தங்கப்போவது இத்தாலியில் என்பதால் ஷெங்கன் விசாவையும் அந்த நாட்டிடமே கேட்டோம்.

ஆத்தா கட்டித்தந்த பலகாரப் பொதியைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பாலும் இறைச்சியும் சார்ந்த பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய் மணக்கும் மாவுருண்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, எண்ணெயில் பொரித்த தேன்குழலையும் பருப்புப் பொடியையும் எடுத்துக்கொண்டோம். தங்கும் விடுதிகளின் பொதுச் சமையலறையில் சோறு வடித்துப் பருப்புப் பொடி போட்டுப் பிசைந்து சாப்பிட்ட இரவுகளே எங்கள் செலவைக் காப்பாற்றின. செலவை ஒரு நோட்டில் எழுதினோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் சிவமயமும் இட்டு, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று ஒவ்வோர் இரவும் ஐந்தொகை எடுத்த பிறகே படுத்தோம்.

பெல்ஜியத்தில் நாங்கள் தேடிப்போன ஊர் சார்லெருவா. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்காத, கரி படிந்த பழைய தொழில் நகரம். மண்ணுக்கடியில் நிலக்கரியும் சரக்கு ஏற்ற சாம்ப்ர் ஆறும் இருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் உலகின் பல நாடுகளுக்குக் கண்ணாடி அனுப்பியது. ஊருக்குச் சற்று வெளியே புவா து காசியே என்ற பழைய சுரங்க வளாகத்துக்குள் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. உருகிய கண்ணாடியைக் குழலில் எடுத்து, ஊதி ஊதி நீண்ட உருளையாக்கி, இரு முனைகளையும் நறுக்கி, நெடுக்கே கீறி, சூளையில் வைத்து விரித்துத் தட்டையாக்குவார்களாம். சன்னல் கண்ணாடி அப்படிப் பிறந்தது. நிலைக்கண்ணாடிக்கான தடித்த பலகையை மேசைமேல் வார்த்து, மணலும் மெருகுப் பொடியும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறம் வெள்ளி பூசினார்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடியின் ஓரங்களில் ஈரம் ஏறிக் கறுத்துக் கிடக்கும் புள்ளிகளை, சிறுவயதில் நான் அழுக்கு என்று துணி வைத்துத் துடைத்திருக்கிறேன். அவை வெள்ளி போன இடங்கள் என்பது அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

அதே வளாகத்தின் மறுபக்கம் வேறொரு கதை. 1956 ஆகஸ்ட் 8 அன்று அந்தச் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். 1946இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இத்தாலி ஆள்களை அனுப்பியது, பெல்ஜியம் நிலக்கரி தந்தது. சுவரில் இருந்த முகங்களை நண்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் அங்கிருந்து நகர முடியாமல் நின்றேன். மூன்றாண்டுக் கணக்குக்குப் பர்மா போன எங்கள் ஆள்களையும் சுரங்கத்தில் இறங்கப் போன இந்த மனிதர்களையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. எங்களவர்கள் வட்டிக்குக் கொடுக்கப் போனவர்கள், இவர்கள் உடம்பைக் கொடுக்கப் போனவர்கள். ஆனால் வேலிக்கு வெளியே செய்திக்காகக் காத்து நின்ற பெண்களின் புகைப்படத்தைப் பார்த்தபோது, 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்த மாதங்களில் கடிதம் வராமல் வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்திருந்ததாக அப்பத்தா சொல்லும் தன் தாயாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கொலோனில் இணைப்பு ரயில் தவறியது. முந்தைய ரயில் தாமதமாக வந்ததுதான் காரணம்; பாஸ் இருந்ததால் அடுத்த வண்டிக்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கிடைத்த இரண்டு மணி நேரத்தில், நிலையத்தை ஒட்டியே நிற்கும் பேராலயத்தின் 533 படிகளையும் முதுகுப்பையோடு ஏறினோம். 1248இல் தொடங்கிய அந்தக் கட்டடம் முடிந்தது 1880இல். மாலையில் ரைன் ஆற்றின் ஓரமாகப் பாசலை நோக்கிப் போனோம்.

மறுநாள் கோட்டார்ட் மலையைக் கடந்தோம். 2016இல் திறந்த 57 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே விரைவு ரயில்கள் மலைக்கு அடியிலேயே போய்விடுகின்றன. நாங்கள் வேண்டுமென்றே 1882இன் பழைய பாதையில் செல்லும் ரயிலில் ஏறினோம். நேரம் கூடினாலும் அதையே ஏறச் சொல்வேன். செங்குத்தான பள்ளத்தாக்கில் உயரம் பெறுவதற்காகப் பாதை மலைக்குள் சுருள் சுருளாகத் திரும்புகிறது. வாசன் என்ற சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்குமேல் உயரத்தில் தெரிந்தது; ஒரு சுரங்கத்தில் புகுந்து வெளியே வந்தால் கண்ணுக்கு நேராக நின்றது; இன்னொரு சுருள் கழிந்ததும் காலுக்குக் கீழே கிடந்தது. பிள்ளையார்பட்டித் தேரை வீதிக்கு வீதி ஓடிப் பார்த்த பிள்ளைகளைப்போல, நாங்கள் இந்தச் சன்னலுக்கும் அந்தச் சன்னலுக்கும் மாறிக்கொண்டிருந்தோம். உச்சியில் உள்ள 15 கிலோமீட்டர்ச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஜெர்மன் மொழியில் இருந்த அறிவிப்புப் பலகைகள், அந்தப் பக்கம் இத்தாலிய மொழிக்கு மாறிவிட்டன.

மிலானில் ஓர் இரவு, பிறகு ஜெனோவா, லா ஸ்பெட்சியா. அங்கிருந்து சாதாரண ரயிலில் கொஞ்ச நேரத்தில் கரரா அவென்சா நிலையம். இறங்கியதும் மலையில் பனி கிடக்கிறது என்று நினைத்தேன். செப்டம்பர் மாதத்தில் அவ்வளவு தாழ்ந்த மலையில் பனி எப்படி இருக்கும் என்று நண்பன்தான் கேட்டான். அது பனியில்லை, அபுவான் மலைத்தொடரை ரோமானியர் காலம் முதல் வெட்டி வருகிறார்கள், அந்த வெட்டுவாயும் உடைசல் சரிவுகளுமே அப்படி வெளுத்துத் தெரிகின்றன. மைக்கலாஞ்சலோ தம் சிற்பங்களுக்குக் கல் எடுத்தது இங்கேதான்.

பேருந்தில் கொலொன்னாத்தா வரை ஏறினோம். கற்களை இறக்குவதற்கென்றே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மலை ரயில் 1964இல் நின்றுபோய், அதன் வளைவுப் பாலங்களில் இப்போது லாரிகள் ஓடுகின்றன. அந்த ரயிலுக்கும் முன்பிருந்த முறைதான் மனத்தை உலுக்கியது. லித்ஸாத்துரா என்பது அதன் பெயர். டன் கணக்கான பாறைகளைக் கயிறுகளால் கட்டி, சோப்புத் தடவிய மரங்களின்மேல் சரிவில் மெல்ல மெல்ல நழுவ விடுவார்கள். பாறை கடந்துவிட்ட மரத்தைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்து போட, பாறைக்கு எதிரிலேயே ஆள்கள் நிற்க வேண்டும். கயிறு அறுந்தால் அவர்கள் பிழைப்பதில்லை. மலையூரின் சதுக்கத்தில் கல் வெட்டும் தொழிலாளர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கல் விரிப்பில் செருப்போடு நடக்கக் கூடாது என்று எங்களைத் திட்டும் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இதை நேரில் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்பச்சி அறியாமலே சரியானதைச் செய்திருக்கிறார்கள்.

நகரத்துக்குள் ஒரு சிற்பப் பட்டறையில், கதவு திறந்திருந்ததால், தயங்கி நின்றோம். வெள்ளைத் தூசி படிந்த முதியவர் ஒருவர் சைகையால் உள்ளே அழைத்தார். நண்பன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சிமென்ட் தின்ற அந்தக் கையைப் பார்த்த உடனே அவர் முகம் மாறிவிட்டது. பொது மொழி ஒன்றும் இல்லாமலே இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். மெருகேற்றாத முகம், முதல் தேய்ப்பு, இரண்டாம் தேய்ப்பு என்று அவர் ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்க்கக் கொடுத்தார். நண்பன் தன் கைபேசியில் ஆத்தங்குடிப் பட்டறையின் காணொளியைக் காட்டினான். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சு வைத்து, அறை அறையாக நிறச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த மணல் சிமென்ட்டைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி, நீரில் ஊறவைத்து எடுத்த பிறகு கண்ணாடியை விலக்கும் அந்தக் கணத்தில், பூவோடு பளபளக்கும் தரைமுகம் தெரிந்ததும் முதியவர் காணொளியை நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார். சூளை இல்லை, தேய்ப்பு இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு ஏறிவிடுகிறது.

எங்கள் வீட்டு வளவு முழுவதும் அந்தப் பூக்கல்தான். இத்தாலி, பெல்ஜியம், பர்மா என்று விருந்தினர்களிடம் அடுக்கிய அத்தனை ஆண்டுகளிலும், அந்த வரிசையில் ஆத்தங்குடியை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நண்பனே பக்கத்தில் நின்ற நாள்களிலும் சொன்னதில்லை. கரராவின் தெருவில் நடந்தபடி அதை அவனிடம் சொன்னேன். "எங்கப்பாகூட இத்தாலிக் கல்லுன்னா செருப்பைக் கழட்டிடும் மாப்ளே, விடு" என்றான். விட முடியவில்லை. கடல் தாண்டி வந்ததாலேயே ஒன்றை உயர்த்தியும், அடுத்த ஊரில் செய்ததாலேயே இன்னொன்றைச் சொல்லாமல் விட்டும் வந்தது எங்கள் பெருமையில் இருந்த பிழை என்றே நினைக்கிறேன். பிரிக்கும் வீடுகளிலும் இதே கணக்குத்தான்: கண்ணாடிக்கும் தேக்குக்கும் விலை பேசுகிறார்கள், பூக்கல் தரையைக் கடப்பாரையால் பெயர்த்து மேட்டில் கொட்டுகிறார்கள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான் கொட்டினார்கள்.

அதன்பின் பிசா, ரோம் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஏழாவது பயண நாள் ரோமில் முடிந்தது. கடைசி இரவு ஐந்தொகையில் நான் நண்பனுக்குப் பதினோரு யூரோ தர வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் இருவருக்கும் காபி வாங்கி நேர் செய்தேன்.

அந்த முதியவர் கொடுத்த உள்ளங்கையளவு வெண்கல்லை ஆத்தங்குடிக்குக் கொண்டுபோனோம். நண்பனின் தந்தை அதைத் தொட்டியில் நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, கண்ணாடிப் பலகையின் ஓரத்தில் வைத்தார். எங்கள் பட்டாலையில் தூணுக்கு அருகே நான்கு வெண்கற்கள் விரிசல் விட்டுக் கிடப்பதையும், அதற்கு ஈடாகப் புதுக் கல் வாங்க அப்பச்சி விசாரித்துக்கொண்டிருப்பதையும் அவரிடம் சொன்னேன். அந்த இடத்துக்குப் பூக்கல்லே போட முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை மிதிவண்டியில் பள்ளத்தூருக்கு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டாலையில் குந்தி, நாடாவால் இருமுறை அளந்தார்.

"இருபத்தாறு கல்லு வேணும் தம்பி. நிறத்தை அப்பத்தா சொல்லட்டும்" என்றார்.

அப்பத்தா பச்சையும் மஞ்சளும் சொல்லியிருக்கிறார்கள். நண்பன் நேற்று முதல் ஆறு கற்களை நீரிலிருந்து எடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான்.